கல்லாப்பெட்டிக் கணக்கு: வாசகர் கேள்வி, சயாமா பதில்

இந்த மாதம் பதினொரு கடிதம். அதில் மூன்று கல்யாணப் பொருத்தம் கேட்டு. நான் முப்பது வருஷம் புள்ளியியல் வகுப்பு எடுத்தவள்; சயாமா என்றால் பர்மிய மொழியில் ஆசிரியை. பொருத்தம் பார்க்கத் தெரியாது என்று போன இதழிலேயே எழுதிவிட்டேன். மற்றக் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கடையை எங்கே வைப்பது? ரங்கூனின் தாமுவே பகுதி மாணவி ஒருத்தி எழுதியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அவளுக்குத்தான் அவசரம். ஆய்வேட்டைக் கொடுக்கத் தேதி குறித்துவிட்டார்களாம்.

*

கேள்வி: சயாமா, ரங்கூன் தமிழ்க் குடும்பங்கள் கடைக்கு இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. காளி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் 40 கடைகளுக்குப் படிவம் கொடுத்தேன். "இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற கேள்விக்கு 36 பேர் "கோயில் பக்கம்" என்ற கட்டத்தில் டிக் செய்தார்கள். வழிகாட்டி ஆசிரியர் "பி மதிப்பு எங்கே?" என்கிறார். எந்தச் சோதனை போடட்டும்? (மாணவி, தாமுவே)

பதில்: சோதனை போடலாம், மகளே. பி மதிப்பு என்பது, விசேஷம் ஒன்றுமில்லை என்றால் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண். கம்ப்யூட்டரில் தட்டினால் புள்ளிக்குப் பிறகு வரிசையாகப் பூஜ்யம் போட்டுப் பிரமாதமான பி மதிப்பு வரும், ஆசிரியரும் சந்தோஷப்படுவார். ஆனால் அது எதற்கான விடை என்று யாராவது கேட்டால் உனக்கும் சொல்லத் தெரியாது, எனக்கும் தெரியாது.

நீ போன இடத்தைப் பார். 1871-இல் நம் ஆட்கள் கட்டிய கோயில். அநவ்ரதா சாலையில் 26-ஆம் தெருவுக்கும் 27-ஆம் தெருவுக்கும் நடுவில் நிற்கிறது. அந்தக் கோபுர நிழலில் உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் "ஏன் இங்கே?" என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? கோயிலே இல்லாத தெருவிலும் நம் கடைகள் இருக்கின்றன. உன் தாமுவேயில் இல்லையா, இன்சீனில் இல்லையா? அங்கேயும் ஒரு நாற்பது பேரைக் கேட்டிருந்தால்தான் கோயிலுக்கு இழுக்கும் சக்தி உண்டா என்று பேசவே முடியும். எல்லாக் கடையும் கோயில் பக்கமே என்றால், எதனால் எது மாறுகிறது என்று பார்க்கும் ரிக்ரஷன் கணக்குக்கு விளக்குவதற்கு ஒன்றுமில்லை. ஏற்ற இறக்கம் இல்லாத இடத்தில் புள்ளியியலுக்கு வேலை கிடையாது.

அடுத்து, நீ பேசியது இன்றைக்கும் திறந்திருக்கும் கடைகளோடு. மூடிய கடை உன் படிவத்தை எப்படி நிரப்பும்? 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எனக்கு ஏழு வயது. அப்பா கடைப் பலகையை இரண்டு பேர் கழற்றி, சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா அதை உள்ளே எடுத்துவந்து மாவு பிசையப் பயன்படுத்தினாள். அந்தக் கடை நல்ல இடத்தில் இருந்ததா, கெட்ட இடத்தில் இருந்ததா? எந்தப் பட்டியலிலும் அது இல்லை. அப்போது கப்பலேறியவர்களில் பலர் சென்னைப் பீச் ஸ்டேஷன் எதிரே நடைபாதையில் கடை போட்டார்கள். பர்மா பஜார் என்று பெயரே வந்துவிட்டது. உன் ஆய்வின் பாதி வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போய்வரப் பணம் இல்லை என்றால், ஒவ்வொரு கடைக்காரரிடமும் "உங்களுக்கு முன் இந்த அறையில் யார் கடை வைத்திருந்தார்? ஏன் போனார்?" என்று ஒரு வரி சேர்த்துக் கேள். அதிலேயே பாதி கிடைத்துவிடும்.

இன்னொன்று. 40 என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்தத் தெருக்கள் தெரியும். அரிசிக் கடைக்காரரின் மச்சான் எதிர்ப்பக்கம் மசாலா விற்கிறார், மச்சானின் சகலை மூலையில் பாத்திரக் கடை. ஒருவர் சொன்ன காரணத்தையே மூவரும் சொல்வார்கள், ஏனென்றால் காரணத்தை உண்டாக்கியவர் அவர்களுடைய மாமனார் ஒருவர்தான். குடும்பத்துக்கு 5 கடை வீதம் 8 குடும்பம் என்று வைத்துக்கொள். குடும்பத்துக்குள் பதில்கள் ஒத்துப்போகும் அளவு 0.5 என்றும் வைத்துக்கொள். 1 + (5 − 1) × 0.5 என்றால் 3. நாற்பதை மூன்றால் வகு. சுமார் 13 கடையைக் கேட்டதற்குத்தான் சமம். டிசைன் எஃபெக்ட் என்று வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பாய். கடைத்தெருவில் அதற்குப் பெயர் சொந்தபந்தம். குடும்பத் தொழிலை ஆராய்கிறவர்கள் பெயர்ப்பலகையை எண்ணக்கூடாது, அடுப்பை எண்ண வேண்டும்.

கேள்வியை நீ கேட்ட விதத்திலும் கோளாறு இருக்கிறது. "ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்" என்றால், தேர்ந்தெடுத்தார் என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். டேனியல் மெக்ஃபேடன் என்று ஒரு பொருளாதார அறிஞர். 1970-களில் சான்பிரான்சிஸ்கோ பக்கம் புது ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன், வேலைக்குப் போகிறவர்களில் 6.3 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்று கணித்தார். அதிகாரப்பூர்வக் கணிப்பு 15 சதவீதம். ஓடத் தொடங்கியபின் எண்ணிப் பார்த்தால் 6.2. அவர் செய்த வேலை என்னவென்றால், ஒருவர் போகும் வழியோடு, அவர் போயிருக்கக்கூடிய மற்ற வழிகளையும், அவற்றின் நேரத்தையும் செலவையும், சேர்த்துக் கணக்கில் எடுத்தார். 2000-இல் நோபல் பரிசு இந்த வேலைக்குத்தான். பல வழிகளில் எதைத் தேர்வார்கள் என்று கணிக்க உன் கம்ப்யூட்டரில் கண்டிஷனல் லாஜிட் என்று இருப்பது அவர் உருவாக்கியதுதான். ஆகவே நீ கேட்க வேண்டியது: வேறு எந்தெந்த இடம் பார்த்தீர்கள்? அங்கே வாடகை எவ்வளவு? ஏன் வேண்டாம் என்றீர்கள்? இந்த இடம் காலி என்று உங்களுக்குச் சொன்னது யார்? "வேறு இடமே பார்க்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதையும் எழுதிக்கொள். அது விடுபட்ட பதில் இல்லை, உன் ஆய்வில் முக்கியமான பதிலே அதுவாக இருக்கலாம்.

கடைசியாக ஒரு சந்தேகம். உன் படிவத்தில் "கோயில் பக்கம்" முதல் கட்டமா? அப்படித்தான் இருக்கும். ஆனால் கடைசிக் கட்டமாக இருந்தாலும் அதைத்தான் டிக் செய்திருப்பார்கள். படிவம் என்றால் பயப்பட நம் ஆட்களுக்குக் காரணம் இருக்கிறது. 1964-இல் கடை போனது. 1985-இலும் 1987-இலும் கையிலிருந்த நோட்டு ஒரே நாளில் செல்லாமல் போனது. அப்படிப்பட்டவரிடம் ஒரு பெண் பேனாவும் படிவமுமாக வந்து நின்றால், யாருக்கும் வம்பில்லாத பதில் எதுவோ அதைத்தான் சொல்வார். கோயிலை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். மாமனார் பணம், பங்காளிச் சண்டை, வீட்டுக்காரருக்குக் கொடுத்த கைமாற்று, இதெல்லாம் இரண்டாவது டீக்குப் பிறகுதான் வாயில் வரும்.

ஆசிரியரிடம் தேதியை ஒரு மாதம் தள்ளிக் கேள்.

*

கேள்வி: சயாமா, பெகுவில் எங்களுக்குப் புடவை, லுங்கிக் கடை. அப்பா சந்தைக்குள் சித்தப்பா கடைக்குப் பக்கத்திலேயே இரண்டாவது கடை என்கிறார். நான் ரங்கூன் சாலையில் 25 கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் பார்த்திருக்கிறேன். வாடகை பாதிதான், காரும் லாரியும் நிற்காமல் ஓடுகின்றன. புள்ளியியல் யார் பக்கம்? (வயது 27, பெகு)

பதில்: தம்பி, "நிற்காமல் ஓடுகின்றன" என்று நீயே எழுதிவிட்டாய். நிற்காத வண்டி உனக்கு எதற்கு?

முதலில் கணக்கு. வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் 1931-இல் ஒரு விதி எழுதினார். இரண்டு ஊர்களுக்கு நடுவே இருக்கும் சனங்களைப் பெரிய ஊர் தன் பக்கம் இழுக்கும். மக்கள்தொகை கூடக்கூட இழுப்பு கூடும், தூரம் கூடக்கூட தூரத்தின் வர்க்கத்தால் குறையும். ரங்கூனும் பெகுவும் சுமார் 80 கிலோமீட்டர். ரங்கூனில் பெகுவைப் போல் 20 மடங்கு மக்கள் என்று வைத்துக்கொள். 20-க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 4.5, ஒன்றைக் கூட்டினால் 5.5. எண்பதை அதால் வகுத்தால் 14.5 கிலோமீட்டர். பெகுவிலிருந்து அந்தத் தூரத்துக்குள் இருக்கிறவர்கள் கல்யாணப் புடவைக்குப் பெகுவுக்கு வருவார்கள். அதைத் தாண்டினால் பஸ் ஏறி ரங்கூன் போய்விடுவார்கள். உன் 25 கிலோமீட்டர் ரங்கூன் எல்லைக்குள் இருக்கிறது. பருப்புக் கடை என்றால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன். பருப்புக்கு யாரும் பஸ் ஏறுவதில்லை.

அப்பா பக்கமும் நியாயம் உண்டு. டென்மார்க்கில் தொழில் தொடங்கியவர்களின் அரசாங்கப் பதிவேடுகளை வைத்து இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல வருஷம் வாழ்ந்த பகுதியிலேயே கடை திறந்தவர்கள் நீண்ட நாள் தாக்குப்பிடித்தார்கள், லாபமும் கூட. யார் கடனைத் திருப்பிக் கொடுப்பான், எந்தப் பையன் வேலைக்கு ஆவான் என்பதெல்லாம் சொந்த ஊரில்தான் தெரியும். ஒரே சந்தையில் நாலு புடவைக் கடை இருந்தால் வியாபாரம் பிரிந்துபோகும் என்று நீ பயப்படுகிறாய். புடவை எடுக்க வருகிறவள் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வாங்குவாளா? நாலு கடை ஏறி இறங்கத்தான் வருகிறாள். நாலு இல்லாத ஊருக்கு அவள் வரவே மாட்டாள்.

ஆனால் அப்பா சொல்லாத ஒரு காரணமும் இருக்கலாம். 2007-இல் தென் ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் ஆலைகள் 1,237-ஐப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. கூட்டுறவில் சேர்ந்தால் நஷ்ட பயம் குறையும் என்று தெரிந்தும், குடும்ப ஆலைகள் சேர மறுத்தன. குடும்பத்துக் கையிலிருந்து பிடி போகக்கூடாது என்பதற்காகக் கூடுதல் ஆபத்தைத் தலையில் போட்டுக்கொண்டார்கள். உன் அப்பாவுக்குச் சித்தப்பா கடைக்குப் பக்கம் என்பது வியாபாரக் கணக்கா, அல்லது நீ கண்ணெதிரில் இருக்க வேண்டும் என்பதா? அதை நீதான் கேட்க வேண்டும். நேராகக் கேட்காதே. ராத்திரி கடை எடுத்து வைக்கும்போது கேள்.

எந்த இடமானாலும் எண்ணிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. இங்கே ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வாடகையை முன்கூட்டியே எண்ணி வாங்கிவிடுகிறார்கள். தப்பான இடம் என்று இரண்டாம் மாதமே தெரிந்தாலும் அந்தப் பணம் திரும்பாது. எண்ண என்ன வேண்டும்? ஒரு பை புளியங்கொட்டை. வாசலில் ஒருவர் நடந்தால் ஒரு கொட்டை இடது பையிலிருந்து வலது பைக்கு. கடைக்குள் திரும்பிப் பார்த்தால் ஒரு சோளத்தைச் சேர்த்துப் போடு. காலை, மதியம், சாயங்காலம், ஒவ்வொன்றிலும் பதினைந்து நிமிஷம். சம்பள வாரத்தில் இரண்டு நாள், மாதக் கடைசியில் இரண்டு நாள், உபோத நாள், அதாவது பௌத்தர்களின் விரத நாள், ஒன்று.

எதை எண்ணுகிறோம் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். ரங்கூன் நகருக்குள் 2003-இலிருந்து மோட்டார் சைக்கிள் கிடையாது. அதனால் கால்களை எண்ணினால் போதும். மாந்தலேயில் கால்களை எண்ணினால் பட்டினிதான். அங்கே வண்டி நிறுத்த எத்தனை அடி இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரங்கூனிலும் கால் மட்டும் போதாது என்று எனக்குக் காட்டியவர் கடை வைத்திருக்கும் என் அண்ணன். நம் தெருக் கட்டடங்களில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் கயிறு தொங்குமே, நுனியில் கிளிப் மாட்டி? கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். மேலே இருக்கும் பாட்டிமார் படி இறங்க மாட்டார்கள்; கிளிப்பில் சீட்டும் பணமும் வைத்துக் கயிற்றை இறக்குவார்கள். அந்த வியாபாரம் எந்த நடைபாதைக் கணக்கிலும் விழாது. அண்ணன் வாடகைக்கு இடம் பார்க்கப் போனால் முதலில் அண்ணாந்து கயிற்றைத்தான் எண்ணுவார்.

இவ்வளவும் சொல்லும் நான் ஒரு தடவை குடும்பத்துப் பணத்தைக் கரைத்தவள். 2016 டிசம்பரில் அண்ணன் ஒரு கிளைக்கு இடம் பார்த்தார். புள்ளியியல் படித்த தங்கை இருக்கிறாளே என்று என்னை எண்ணச் சொன்னார். ஒரு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஐந்து காலை உட்கார்ந்து எண்ணினேன். மணிக்கு முந்நூறு பேருக்குக் குறையவில்லை. சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் போட்டு அழகாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஜனவரி முதல் வாரம் கடை திறந்தோம். அதே மாதம் 16-ஆம் தேதி ரங்கூன் பஸ் தடங்கள் முழுக்கப் புதிதாக மாறின. எங்கள் நிறுத்தத்தில் வண்டிகள் குறைந்துபோயின. அது என் தப்பில்லை என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் மாறப்போகிறது என்ற பேச்சு டிசம்பரிலேயே டீக்கடையெல்லாம் இருந்தது. நான் தலையைக் குனிந்து கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தேன். போதாததற்கு ஜூலையில் முழங்கால் வரை தண்ணீர். பனிக்காலத்தில் எண்ணியவளுக்கு மழைக்காலத் தெரு எப்படித் தெரியும்? எட்டாம் மாதம் மூடினோம். என் தாளை அண்ணன் இன்னும் கல்லாவில் வைத்திருக்கிறார், ஒன்றும் சொல்வதில்லை.

*

கேள்வி: எங்கள் தெருவில் ஐந்து கடை. சராசரி விற்பனை நாளுக்கு 5 லட்சம் கியாட் என்று கூட்டத்தில் சொன்னார்கள். என் கடையில் 1.5 லட்சம்தான். இடத்தை மாற்றிவிடட்டுமா? (மளிகைக் கடைக்காரர், திங்கன்ஜூன்)

பதில்: அந்த ஐந்தில் ஒன்று நகைக் கடையா என்று பாருங்கள். 1.2, 1.5, 1.6, 1.7, நகைக் கடை 19. கூட்டினால் 25, ஐந்தால் வகுத்தால் 5. அந்த ஐந்து லட்சம் உங்கள் தெருவில் ஒருவருக்கும் நடக்காத வியாபாரம். வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பாருங்கள்: 1.6. உங்களுக்கும் அவருக்கும் பத்தாயிரம்தான் வித்தியாசம். 1987-இல் 45 கியாட், 90 கியாட் நோட்டில் சில்லறை கொடுத்துப் பழகிய தலைமுறை நாம், கூட்டத்தில் யாராவது சராசரி என்று சொன்னால் எழுந்து "இடைநிலை எவ்வளவு?" என்று கேளுங்கள்.

*

கேள்வி: சயாமா, என் பாட்டனார் பெட்டியடிப் பையனாகச் செட்டியார் வட்டிக்கடைக்கு வந்தவர். டெல்டாவில் ஊருக்கு ஊர் அந்தக் கடைகள் இருந்தன என்பார். எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்தார்கள்? (ஓய்வுபெற்றவர், சிரியம்)

பதில்: ஐயா, இதைப் பற்றி நல்ல ஆவணம் இருக்கிறது. 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு எண்ணிப் பார்த்தது. சுமார் 1,650 செட்டியார் கடைகள். கீழ்ப் பர்மாவில் சனங்கள் நெருக்கமாக வாழும் ஏறக்குறைய எந்தப் பகுதியிலும் ஒரு விவசாயி ஒரு நாள் பயணத்தில் ஒரு செட்டியாரிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எழுதினார்கள். எங்கே இருந்தன என்பதோடு, எங்கே இல்லை என்பதும் அந்த அறிக்கையிலிருந்து தெரிகிறது. தாமுவே மாணவிக்கு இல்லாத கொடுப்பினை இது. நெல் விளைந்து, படகோ ரயிலோ எட்டும் இடம் என்றால் கடை உண்டு. மலைப்பக்கம் போகப்போக அருகிவிடும்.

இதில் குடும்பம் எங்கே இருந்தது? செட்டிநாட்டில். கடை மட்டும்தான் நகர்ந்தது. மூன்று வருஷக் கணக்கில் ஏஜெண்டு வருவார், கணக்கு முடித்துத் திரும்புவார், அடுத்தவர் வருவார். பெட்டியடி என்ற கடைப் பையன், அடுத்தாள் என்ற உதவியாளர் என்று உங்கள் பாட்டனாரைப் போன்றவர்கள் படிப்படியாக மேலே ஏறுவார்கள். பணம் ரங்கூன் மொகல் தெருவிலிருந்து. வட்டி வீதத்தை மாதாமாதம் அங்கே கோயிலில் கூடித் தீர்மானித்தார்கள். ஆகவே டெல்டாவில் ஒரு புது ஊரில் கடை திறப்பதற்கு, அந்த ஊரில் சொந்தக்காரன் இருக்க வேண்டியதில்லை. நம்பகம் ரங்கூனிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வந்தது. பெகு தம்பியின் அப்பாவுக்கு இருக்கும் கவலை அவர்களுக்கு இல்லை.

அந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டை இருந்தது. 1,650 கடை என்றாலும் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயிர். 1930-இல் நெல் விலை சரிந்தபோது எல்லாக் கடன்களும் ஒன்றாக நின்றன. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில், 1930-இல் சாகுபடி நிலத்தில் செட்டியார்கள் கையில் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். ஆசைப்பட்டு வாங்கிய நிலமில்லை, கடனுக்கு ஈடாக வந்து விழுந்த நிலம். வட்டிக்கடைக்காரருக்கு நிலம் எதற்கு? விற்கவும் ஆளில்லை, ஊர்க்காரர்களின் கோபம் மட்டும் மிச்சம். மேலே நாற்பதை மூன்றால் வகுத்தேனே, அதே கணக்குத்தான் இங்கேயும். இங்கே மாமனாருக்குப் பதிலாக நெல்.

*

கேள்வி: 2024 குடிமதிப்பில் 5 கோடியே 13 லட்சம் பேர் என்றார்கள். அதில் 1 கோடியே 91 லட்சம் பேரை எண்ணவே இல்லையாம். எண்ணாதவர்கள் எப்படிக் கணக்கில் வந்தார்கள்? இதை நம்பிக் கடை வைக்கலாமா? (வாசகர், மோல்மேன்)

பதில்: மதிப்பிடுவது வேறு, புளுகுவது வேறு. எண்ண முடியாத இடங்களுக்கு விண்ணிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு மதிப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2014-இலும் சுமார் 12 லட்சம் பேர் மதிப்பீடுதான். ஆனால் அப்போது நூற்றுக்கு இரண்டுக்கு மேல் கொஞ்சம். இப்போது நூற்றுக்கு 37. கூரையை எண்ணலாம், கூரைக்குக் கீழே ஆள் இருக்கிறாரா, ஊரை விட்டுப் போய்விட்டாரா என்று படம் சொல்லாது. நாட்டு மொத்தத்துக்கு அது ஓரளவு தாங்கும். உங்கள் டவுன்ஷிப் ஒன்றுக்கு என்றால், அங்கே வீடு வீடாக எண்ணினார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

பழைய எண்களை மேடையில் சொல்கிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். 1931-இல் ரங்கூனில் 4 லட்சம் பேரில் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர்கள், பாதிக்கும் மேல். உண்மைதான். அடுத்த 1941 கணக்கின் தாள்கள் பெரும்பாலும் யுத்தத்தில் அழிந்துபோயின. அந்தப் பாதியை வைத்து இன்றைக்கு யாரும் கடை திறக்க முடியாது.

*

கேள்வி: ஊருக்கெல்லாம் இடம் சொல்கிறீர்களே, உங்கள் அண்ணன் கடைக்கு இடம் பார்த்தது யார்? (பெயர் வேண்டாம், 29-ஆம் தெரு)

பதில்: போன வெள்ளிக்கிழமை ராத்திரி, அண்ணன் கல்லாவில் நோட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோது இதையே கேட்டேன்.

"கோயில் பக்கம்னுதான்," என்றார். "ரெண்டு மாசம் முன்னாடிகூட ஒரு பொண்ணு படிவத்தோட வந்துச்சு. அதைத்தான் டிக் பண்ணிக் கொடுத்தேன்."

மகளே, உன் 36-இல் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன்.

1989-இல் அவரோடு நானும்தான் அலைந்தேன். தனியார் கடைக்கு மறுபடி வழி திறந்த நேரம். ஐந்து இடம் பார்த்தோம். நாலு இடத்தில் ஒரு வருஷ வாடகையை மொத்தமாகக் கேட்டார்கள். ஐந்தாவது இடத்துக்காரர் ஒரு பர்மியப் பெரியவர். 1964-க்கு முன் அப்பாவிடம் கடனுக்கு அரிசி வாங்கியவர். அப்பா பெயரைச் சொன்னதும் மூன்று மாதம் போதும் என்றார். பன்னிரண்டரை அடி அகலம், பின்சுவர் ஒழுகும். அந்த வாசலில் நின்றால் கோபுரம் தெரியாது. தெருமுனை வரை போய்த் தலையை நீட்ட வேண்டும்.

"இதையெல்லாம் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா," என்றார் அண்ணன்.

மூன்றாம் மாடியிலிருந்து கயிறு இறங்கியது. கிளிப்பில் ஒரு சீட்டு: அரை வீசை வெங்காயம், கடுகு, பணம் நாளைக்கு.